சீனி ஏறினால், சீனி இறங்கினால்



இனிப்பு நீர் என்று நாம் வீட்டில் சொல்லும் நீரிழிவு நோயைப் பற்றி வானொலியில் பலரும் பேசியிருக்கிறார்கள். சீனியைக் குறையுங்கள், சோற்றைக் குறையுங்கள், காலையில் நடங்கள் என்று கேட்டுக் கேட்டு உங்கள் காது புளித்திருக்கும். இன்று நான் அதைச் சொல்ல வரவில்லை. இந்த நோய் உள்ளவரின் இரத்தத்தில் சீனி அளவுக்கு மேல் ஏறினால் உடம்பில் என்ன நடக்கிறது, அளவுக்குக் கீழே இறங்கினால் என்ன நடக்கிறது, அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் மனைவியோ பிள்ளையோ என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். ஏறிய சீனி ஆளை ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல அரிக்கும். இறங்கிய சீனியோ அரை மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். முதலாவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றி நம் குடும்பங்களில் பேச்சே இல்லை.

இது யாரோ எவரோ என்று தள்ளிவிடக்கூடிய நோய் அன்று. 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், மலேசியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 31.4 பேர். கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். நாடு முழுவதும் அப்படிச் சீனி கூடியிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது.

முதலில் சீனி உடம்புக்குள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். தோட்டத்து அரிசி ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். லாரியில் அரிசி மூட்டை வருகிறது. ஸ்டோரின் சாவி கிராணியின் கையில் இருக்கிறது. அவர் கதவைத் திறந்தால்தான் அரிசி உள்ளே போய், அங்கிருந்து வீடு வீடாகப் பங்கு போகும். கிராணி வரவில்லை என்றால் மூட்டைகள் வெளியிலேயே அடுக்கிக் கிடக்கும், வீடுகளில் பட்டினி. நம் உடம்பில் அந்தக் கிராணியின் பெயர் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்னும் உறுப்பு அதைச் சுரக்கிறது. நாம் சாப்பிடும் சோறும் தோசையும் ரொட்டி சானாயும் கடைசியில் சீனியாக மாறி இரத்தத்தில் வந்து சேர்கின்றன. இன்சுலின் கதவைத் திறந்தால் அந்தச் சீனி தசைக்குள் போய்ச் சக்தியாகிறது. மிச்சம் கல்லீரலில் சேமிப்பாகிறது. இன்சுலின் போதவில்லை என்றாலும், இருக்கும் இன்சுலினுக்குக் கதவு சரியாகத் திறக்கவில்லை என்றாலும், சீனி இரத்தத்திலேயே தங்கிவிடும். அதனால்தான் இனிப்பு நீர்க்காரர் நிறையச் சாப்பிட்டும் ‘உடம்பில் தெம்பே இல்லை’ என்கிறார். அவர் சோம்பேறி இல்லை. அவருடைய தசைகள் உண்மையிலேயே பட்டினி கிடக்கின்றன.

பெரிய ஆள் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. நோய் இல்லாத ஒருவரின் 5 லிட்டர் இரத்தத்திலும் கரைந்திருக்கும் சீனி எவ்வளவு தெரியுமா? ஒரு தேக்கரண்டி. அவ்வளவுதான். நாம் ஒரு கிளாஸ் தேநீருக்கே மூன்று கரண்டி போட்டு, மேலே டின்பாலும் ஊற்றிக் குடிக்கிறோம். அந்தச் சீனியை எல்லாம் ஒதுங்கவைத்து, இரத்தத்தில் ஒரு கரண்டிக்கு மேல் நிற்காமல் பார்த்துக்கொள்வது உடம்பின் அன்றாட வேலை. இந்த நாட்டில் ‘கோப்பி ஓ’ என்று கேட்டால் அதில் பால்தான் இருக்காது, சீனி இருக்கும் என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன். சீனி வேண்டாம் என்றால் ‘கோசோங்’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி எண்கள். கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு 6 என்றும் 14 என்றும் சொல்கிறார்களே, அது மில்லிமோல் என்ற அளவு. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு, காலையில் வெறும் வயிற்றில் 4.4 முதல் 7 வரை இருந்தால் நல்லது என்று இங்குள்ள மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் இதைக் கொஞ்சம் தளர்த்துவதுண்டு. 4க்குக் கீழே போனால் அது தாழ்வு; உடனே கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளையும் நிகழ்ச்சிகளையும் பார்ப்பவர்கள் அங்கே 126, 200 என்று சொல்வதைக் கேட்டுத் திகைத்துப்போகிறார்கள். அது வேறு அளவுகோல். நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். நம் 7தான் அவர்களுடைய 126. நம் 4 அவர்களுக்கு 72. ஊரிலிருந்து உறவினர் ‘எனக்கு 140’ என்று தொலைபேசியில் சொன்னால் பதறவேண்டாம். அது நம் கணக்கில் 8க்கும் கீழே.

சீனி ஏறும்போது என்ன தெரியும்? தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது என்பதுதான் வம்பு. 11, 12 என்று மாதக்கணக்கில் இருந்தாலும் சிலர் வழக்கம்போல் வேலைக்குப் போய்வருவார்கள். ‘உடம்பு நல்லாத்தானே இருக்கிறது, எதற்கு மாத்திரை?’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் இவர்கள்தாம். இரத்தத்தில் சீனி ஏறக்குறைய 10க்கு மேல் போனதும் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை. சீனி சிறுநீரில் இறங்குகிறது. இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே அடிக்கடி சிறுநீர், இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருத்தல், நாக்கு வறட்சி, அடங்காத தாகம். லயத்து வீடுகளில் இருந்த காலத்தில், சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து நோயை அறிந்தவர்கள் உண்டு. பழைய வைத்திய நூல்கள் இதை மதுமேகம் என்று அழைத்ததும் சிறுநீரின் அந்த இனிப்பை வைத்துத்தான். இந்தத் தாகத்துக்குச் சிலர் கலர்த் தண்ணீரும் பாக்கெட் பானமும் வாங்கிக் குடிக்கிறார்கள். குடிக்கக் குடிக்கச் சீனி ஏறும், சீனி ஏற ஏறத் தாகம் எடுக்கும். வெறும் தண்ணீர்தான் குடிக்க வேண்டும்.

ஏறிய சீனி ஆண்டுக் கணக்கில் நின்றால் கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் கெடுக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒவ்வொன்றும் தனிப் பேச்சுக்கு உரியது, இங்கே விரிக்கவில்லை. ஆனால் ஏறிய சீனி சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்தாக முடிவதும் உண்டு. அதற்கு அடையாளம் சொல்கிறேன். காய்ச்சலோ காலில் சீழ்ப்புண்ணோ வந்து, கூடவே வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமாக இழுக்கும் மூச்சு, மூச்சில் பழம் அழுகியது போன்ற வாடை, அரை மயக்கம் இவை தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உடம்பில் இன்சுலின் அறவே இல்லாதபோது உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, அதனால் இரத்தம் புளித்துப்போகும் நிலை இது. சிறு வயதிலேயே நோய் வந்து இன்சுலின் ஊசி போடும் பிள்ளைகளுக்கு இது அதிகம். வயதானவர்களுக்கு வேறு விதமாக வரும்: வாடை இருக்காது, ஆனால் சீனி 30க்கு மேல் ஏறி, உடம்பு வற்றி, ஆள் பேச்சு மூச்சின்றிப் படுத்துவிடுவார். இங்கே நம் வீடுகளில் நடக்கும் ஒரு காரியத்தைக் குறிப்பிட வேண்டும். ‘அவர்தான் சாப்பிடவே இல்லையே, ஊசி எதற்கு?’ என்று காய்ச்சல் நாளில் இன்சுலினை நிறுத்திவிடுகிறார்கள். காய்ச்சல் சாப்பாடு இல்லாமலே சீனியை ஏற்றும். ஊசியைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை கிளினிக்கில் கேளுங்கள். கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இப்போது தாழ்வுக்கு வருவோம். மூளைக்குச் சேமிப்பு கிடையாது. அது இரத்தத்தில் வரும் சீனியை வாங்கி அந்தந்த நேரத்துக்குச் செலவழிக்கிறது. ஆகவே சீனி 4க்குக் கீழே இறங்கியதும் உடம்பு அபாய மணி அடிக்கிறது: கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, சில்லென்ற வியர்வை, கொடும் பசி, உதட்டைச் சுற்றி மரத்துப்போதல். அந்த மணியைக் கவனிக்காவிட்டால், 3க்குக் கீழே போகும்போது மூளையே தடுமாறும். பேச்சு குழறும். நடை தள்ளாடும். காரணமில்லாமல் கோபம் வரும். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். பிறகு வலிப்பு வரலாம், மயக்கம் வரலாம்.

பேச்சுக் குழறல், தள்ளாட்டம், கோபம். இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? குடித்தவன். ஆமாம். சீனி இறங்கியவரும் குடித்தவரும் பார்வைக்கு ஒன்றாகவே இருப்பார்கள். வேலை முடிந்து வரும் வழியில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓரத்தில் உட்கார்ந்து உளறுகிறார் என்றால், பார்க்கிறவர்கள் ‘இன்றைக்கு ரொம்ப ஏற்றிக்கொண்டான்’ என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது என்பது தெரிந்தவர்களும் போய்விடுவார்கள். இதைவிடக் கொடுமை, அவர் உண்மையிலேயே குடித்தும் இருக்கலாம், சீனியும் இறங்கியிருக்கலாம். கள், சம்சு, பீர் எதுவானாலும், அதைச் செரிக்கும் வேலையில் இருக்கும்போது கல்லீரல் புதிய சீனியை உண்டாக்கி இரத்தத்துக்கு அனுப்ப முடியாது. சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுக்கும் இனிப்பு நீர்க்காரரின் சீனி நள்ளிரவில் இறங்கும். வீட்டார் போதை தெளியட்டும் என்று விட்டுவிடுவார்கள். காலையில் எழுப்பினால் எழுந்திருக்கமாட்டார். இனிப்பு நீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் தள்ளாடினால், குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும், முதலில் விரலைக் குத்திச் சீனியைப் பாருங்கள். கருவி இல்லையென்றால் தாழ்வு என்றே எண்ணிச் சீனி கொடுங்கள். உண்மையில் ஏறித்தான் இருந்தது என்று பின்னால் தெரிந்தாலும், மூன்று கரண்டிச் சீனியால் பெரிய கெடுதல் வந்துவிடாது. இறங்கியிருந்து கொடுக்காமல் விட்டால் உயிர் போகலாம்.

ஏன் இறங்குகிறது? எல்லா மருந்தும் இறக்காது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. இன்சுலின் ஊசியும், கணையத்தைத் தூண்டும் கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும்தான் இறக்கக்கூடியவை. உங்கள் மாத்திரை எந்த வகை என்பதை நர்சிடம் கேட்டு, உறையின்மேல் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

தோட்ட வேலையின் நேரத்தை எண்ணிப் பாருங்கள். பால் வெட்டப் போகிறவர் விடியுமுன் எழுந்து, ஒரு கோப்பியைக் குடித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெளிக்காட்டுக்குப் போகிறார். பத்து மணிக்குத்தான் பசியாறுவார். செம்பனைக் குலை வெட்டுகிறவர் நீண்ட அரிவாளைத் தூக்கி, இருபது கிலோ வரும் குலைகளைத் தள்ளி ஏற்றுகிறார். உழைக்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே இரத்தத்துச் சீனியை இழுத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் பல மணி நேரம் இழுக்கும். மாத்திரை ஒரு பக்கம் இறக்குகிறது, உழைப்பு ஒரு பக்கம் இறக்குகிறது, வயிற்றில் ஒன்றும் இல்லை. விழாமல் என்ன செய்வார்? இதற்கு வழி மாத்திரையை வீசுவது இல்லை. இரண்டு இட்லியோ, கொஞ்சம் மீகூனோ, நான்கு கிரீம் இல்லாத பிஸ்கோத்தோ சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அது முடியாது என்றால், ‘நான் இத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறேன், இத்தனை மணிக்குத்தான் சாப்பிடுகிறேன்’ என்று மருத்துவரிடம் சொல்லி மருந்தின் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நகரத்தில் ஒன்பது மணிக்கு வேலை தொடங்குகிறவரை மனத்தில் வைத்து எழுதிய சீட்டு, ஆறு மணிக்கு வேலை தொடங்குகிறவருக்குப் பொருந்தாது. தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கும் காவல் வேலைக்கும் போய்விட்டவர்களுக்கும் இதே கதைதான். இரவு முறை, பகல் முறை என்று மாறும்போது ஊசி நேரமும் சாப்பாட்டு நேரமும் பிசகுகின்றன.

விரதமும் அப்படியே. சஷ்டி, தைப்பூசம், ஆடி வெள்ளி என்று நோன்பிருப்பவர்கள் முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். பத்துமலையின் 272 படிகளைப் பசித்த வயிற்றோடு, வழக்கமான ஊசியும் போட்டுக்கொண்டு ஏறுவது ஆபத்து. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு வேறொரு சங்கடம்: மருந்தும் இன்சுலினும் உடம்பை விட்டு மெதுவாக வெளியேறும். நேற்றுவரை பொருந்திய அளவு இன்று கூடிப்போகும். ‘அப்பாவுக்கு இப்போது சீனி தானாகவே இறங்குகிறது, நோய் குணமாகிவிட்டது’ என்று மகிழும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் குணம் அன்று. சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டிய நேரம்.

இன்னொரு காரணத்தைக் கேட்டால் வியப்பீர்கள். 2008ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் சீனி இறங்கி மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். பலருக்கு இனிப்பு நீரே கிடையாது. விசாரித்ததில், கள்ளத்தனமாக விற்ற ஆண்மைப் பெருக்க மருந்துகளை வாங்கிச் சாப்பிட்டிருந்தார்கள் என்று தெரிந்தது. அவற்றில் கிளிபென்கிளமைடு மிகுந்த அளவில் கலந்திருந்தது. நான்கு பேர் இறந்தார்கள். சந்தையிலும் கைத்தொலைபேசியிலும் ‘மூலிகை’ என்று விற்கும் பெயர் தெரியாத உருண்டைகளை வாங்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பாகற்காயைக் கறி வைத்துச் சாப்பிடுவதில் தவறில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத பொடியை மட்டும் நம்பவேண்டாம்.

சரி, இறங்கிவிட்டது. ஆள் நினைவோடு இருக்கிறார், விழுங்க முடிகிறது. மூன்று தேக்கரண்டி நிறையச் சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் உட்கார வையுங்கள். மறுபடி சோதியுங்கள். இன்னும் 4க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை அதே அளவு. ஏறிவிட்டது என்றால் உடனே சோறோ ரொட்டியோ ஏதாவது சாப்பிட வேண்டும். சீனித் தண்ணீர் சீக்கிரம் கரைந்துவிடும். சாக்லெட், பால், ஐஸ்கிரீம் வேண்டாம். அவற்றின் கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். டின் பானம் கொடுப்பதாக இருந்தால் டின்னில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 2019ஆம் ஆண்டில் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்த பிறகு பல பானங்களில் சீனியைக் குறைத்துவிட்டார்கள். சீனியே இல்லாத வகைகளும் அதே போன்ற டின்னில் வருகின்றன. ஆபத்து வேளைக்கு நம் வீட்டுச் சீனியே நம்பகமானது. அகார்போஸ் என்ற மாத்திரை எடுப்பவருக்கு மட்டும் சாதாரணச் சீனி வேகமாக ஏறாது. அவர்கள் மருந்துக் கடையில் குளுக்கோஸ் தூள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆள் நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சீனித் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கி உயிரைக் குடித்துவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, 999க்கு அழையுங்கள். ‘இனிப்பு நீர் மருந்து எடுப்பவர், மயங்கிவிட்டார்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். உள்தோட்டத்தில் வண்டி வரத் தாமதமாகும் என்றால் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள். மாத்திரையால் சீனி இறங்கியவர் தெளிந்து எழுந்துவிட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்டத்தான் வேண்டும். கிளிபென்கிளமைடு போன்றவை ஒரு நாள் முழுவதும் உடம்பில் இருந்து மறுபடி மறுபடி இறக்கும்.

தூக்கத்தில் இறங்குவதை மனைவிமார்தான் கண்டுபிடிக்க முடியும். நனைந்த தலையணை, கெட்ட கனவில் அலறல், காலையில் தலைவலி, எழுப்பினால் திருதிரு என்று விழித்தல். இப்படி இருந்தால் ஓரிரு நாள் நள்ளிரவு இரண்டு மூன்று மணிக்கு எழுப்பிச் சோதித்து, எண்ணை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பல ஆண்டு நோயுள்ள சிலருக்கு நடுக்கமும் படபடப்பும் வருவதே நின்றுவிடும். மணி அடிக்காமலே மயக்கம் வரும். அவர்கள் வண்டி ஓட்டுமுன்பும் ஏணி ஏறுமுன்பும் சோதித்தே ஆக வேண்டும்.

ஒரு முறை இப்படி விழுந்து எழுந்தவர்கள் பயத்தினால் சீனியை எப்போதும் 13, 14லேயே வைத்துக்கொள்வதையும் காண்கிறோம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது கிணற்றுக்குப் பயந்து ஆற்றில் இறங்குவது போன்றது. எப்போது இறங்கியது, அதற்கு முன் என்ன சாப்பிட்டார், என்ன வேலை செய்தார் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டு போனால், மருந்தைச் சரிப்படுத்தப் பத்து நிமிடம் போதும்.

இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். திறக்காத மருந்தைக் குளிர்பெட்டியில் கீழ்த்தட்டில் வையுங்கள். பனிக்கட்டி அறையில் வைத்தால் உறைந்து கெட்டுவிடும். திறந்ததை வீட்டில் வெயில் படாத, 30 பாகைக்கு மேல் சூடேறாத இடத்தில் நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். குளிர்பெட்டி இல்லாதவர்கள் நெகிழிப் பையில் கட்டி, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் ஒரு சிறு குவளையில் வைக்கலாம். மோட்டார் சைக்கிள் கூடையிலும், துத்தநாகக் கூரையின் அடியிலும், ஜன்னலோரத்திலும் வைத்த இன்சுலின் வெந்துபோகும். பிறகு ‘ஊசி போட்டும் சீனி இறங்கவில்லையே’ என்று புலம்புவோம்.

கடைசியாக, வேலைக்குப் போகிறவரின் சட்டைப் பைக்கு. ஒரு சிறிய பொட்டலத்தில் மூன்று கரண்டிச் சீனி, மழை நனைக்காதபடி கட்டியது. ஒரு சீட்டு, அதில் அவர் பெயர், ‘எனக்கு இனிப்பு நீர் உண்டு, நான் தள்ளாடினால் சீனி கொடுங்கள், மயங்கிவிட்டால் 999க்கு அழையுங்கள்’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதி, வீட்டுத் தொலைபேசி எண்ணும் மருந்தின் பெயரும். இப்போது தோட்டங்களில் நம்மவரோடு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கிறார்கள் அல்லவா? பக்கத்து நிரையில் நிற்கிறவருக்கு மலாய்தான் புரியும். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் சொன்னால் இன்றிரவே அழகாக எழுதித் தந்துவிடும்.